ஆபரேஷன் முடிந்து பேச்சு நின்றுபோனால்

சிறுமூளைக் கட்டியை எடுத்த மறுநாள் "அம்மா, தண்ணி" என்று கேட்ட பிள்ளை, அடுத்த ஒன்றிரண்டு நாளில் வாயே திறக்காமல் போவதுண்டு. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைப் புற்றுநோய்க் கட்டிக்கு ஆபரேஷன் ஆன பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. பார்க்க வரும் உறவுக்காரர்கள் 'அடம்' என்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சிறுமூளையிலிருந்து, மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்ற பகுதி வழியாகப் பெருமூளைக்கு ஏறும் நரம்புப் பாதை, கட்டியை எடுக்கும் இடத்தை ஒட்டியே ஓடுகிறது. அது அடிபட்டதன் விளைவு இது. உடம்பு துவளும், தலை நிற்காது, காரணமில்லாமல் வீறிட்டு அழும்.

பேசாவிட்டாலும் பெரும்பாலும் காதில் விழுவது புரியும். கட்டிலருகே நின்று ரிப்போர்ட்டைப் பற்றி விவாதிக்க வேண்டாம். ஆம் என்பதற்குக் கட்டைவிரல், கண்சிமிட்டல் என்று பிள்ளைக்கு வரக்கூடிய ஒரே அசைவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள்.

பெரிய ஆபத்து விழுங்குவதில்தான். கெட்டியான கூழைவிடத் தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் நழுவும். இருமல் வராமலேயே நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடும். விழுங்கும் திறனைப் பரிசோதித்துச் சரி என்று சொல்லும்வரை, 'ஒரு வாய்தானே' என்று ஸ்பூனில்கூட ஊற்றக் கூடாது. மூக்குக் குழாயில் பால் போகும்போதும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். முடிந்தும் அரைமணி நேரம் படுக்கவைக்காதீர்கள்.

மூளை நீரை வடிக்கும் குழாய் இருந்தால் நர்ஸைக் கூப்பிடாமல் கட்டிலை ஏற்றி இறக்காதீர்கள். பிள்ளையின் காதுமட்டத்தை வைத்துத்தான் அதன் உயரத்தைக் கணக்கிட்டிருப்பார்கள். தலை உயர்ந்துவிட்டால் நீர் அளவுக்கு மீறி வடிந்துவிடும்.

ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் ராத்திரியிலும் பசி, சிடுசிடுப்பு. அதற்காக மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பேச்சு வரட்டும் என்று ரேடியேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். வழக்கமாக ஆபரேஷனிலிருந்து 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் காலை வாந்தி, அளவுமீறிய தூக்கம், காய்ச்சல், பிடரித் தையலில் வீக்கமோ தண்ணீர் கசிவோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேச்சு திரும்ப வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். முதலில் வருவது முனகலோ கிசுகிசுப்போதான். பிறகு ஒற்றைச் சொல், அதுவும் இழுத்து இழுத்து, குழறலாக. "சரியாச் சொல்லு" என்று திருத்தாமல், கேட்டதை எடுத்துக் கொடுங்கள்.