மார்கழிக்கு முன்னாடி

நவம்பர் 21

லேப்டாப்ல நாலு ஃபைல் தொறந்து கெடக்கு. சீரியல், தேனீ, பெரியவர், கால்வாய். இன்னிக்கும் கால்வாய தொடல.

நவம்பர் 23

விடிஞ்சும் விடியாம யூனிட்ல இருந்து போன். மாமியாரா நடிக்கிறவங்களுக்கு கால்ஷீட் பிரச்சனையாம், ரெண்டு நாளைக்கு வரமாட்டாங்க, மண்டபத்து சீன்ல எல்லாம் அவங்க கோயிலுக்குப் போயிருக்கறதா மாத்திக் குடுங்கக்கான்னு அசோசியேட் பையன் கேக்குறான். பெத்த மகன் கல்யாணத்த விட்டுட்டு எந்த ஊர்லடா கோயிலுக்குப் போவாங்கன்னு கேட்டேன். வேண்டுதல்னு வெச்சுக்கலாம்க்கான்னான். சரி, வெச்சாச்சு.

ஹீரோயின் பெங்களூர் பொண்ணு, தமிழ் வராது, கேமரா பக்கத்துல நின்னு ஒருத்தர் ப்ராம்ப்ட் பண்ணுவாரு, அவ அதக் காதுல வாங்கி வாங்கி சொல்லுவா, அதனால அஞ்சாறு வார்த்தைக்கு மேல வசனம் போகக் கூடாது. வருஷக்கணக்கா இப்படியே எழுதி இப்ப எனக்கே அவ்ளோதான் மூச்சு வருது. நான் மொழிபெயர்க்கற தேனீ புக்ல ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடும், நேத்து நான் அத துண்டு துண்டா வெட்டி வெச்சிருக்கேன், இப்ப படிச்சா ராணித் தேனீ வேலைக்காரத் தேனீங்கள நிக்க வெச்சு டயலாக் பேசற மாதிரி இருக்கு.

நவம்பர் 24

மறுபடி அதே பாரா. இருட்டுல, செங்குத்தா தொங்கற அடை மேல, ஒரு தேனீ எட்டு போட்டு ஆடுது. நடுவுல வர்ற ஓட்டத்த நேரா மேல பாத்து ஓடினா சூரியன் இருக்கற திசைல போங்கன்னு அர்த்தம், வலது பக்கம் சாஞ்சு ஓடினா அதே அளவுக்கு சூரியனுக்கு வலது பக்கம், வாலாட்டற நேரம் நீள நீள பூ இருக்கற தூரமும் கூடும். கூட்டுக்குள்ள சூரியனே தெரியாது, ஆனா கணக்கு பிசகாது. இதெல்லாம் கண்டுபுடிச்ச கார்ல் வான் ஃப்ரிஷ்ஷுக்கு 1973ல நோபல் குடுத்திருக்காங்க. வெட்டினத எல்லாம் சேத்து ஒரே வாக்கியமா ஆக்கிட்டேன். சாயந்திரம் வரைக்கும் வேற எந்த வேலையும் ஓடல.

நவம்பர் 27

வியாழக்கிழமைன்னா டிஆர்பி. எறங்கிடுச்சு. கல்யாணம் நடக்காதாம், தாலி கட்டற நேரத்துல நிக்கணுமாம்.

நவம்பர் 29

ஓனர் வந்தாரு. உக்காரல. தை பொறந்ததும் பொண்ணு குடி வர்றாளாம். "கார்த்திகை முடியறதுக்குள்ள பாத்துக்கிட்டீங்கன்னா உங்களுக்கும் நல்லதும்மா"ன்னாரு, என்னமோ எனக்கு உபகாரம் பண்றவராட்டம். அம்மாகிட்ட சொன்னா, மார்கழில வீடு மாத்தக் கூடாது, அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோன்னு போன வெச்சுட்டாங்க.

டிசம்பர் 1

பெரியவர் காலைல பதினோரு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்காரு. பிப்ரவரில அவருக்கு பீமரத சாந்தி, அதான் எழுபது வயசுக்குப் பண்றது, தாம்பூலப் பைல தேங்காயோட அவர் வாழ்க்கை வரலாறும் போகணும். என் பேர் எங்கயும் வராது, பேசின சம்பளம் அதுக்கும் சேத்துத்தான். மனுஷன் நல்லா சொல்றாரு, அதுதான் கஷ்டமே. ஆரணிப் பக்கம் நெல்லு அவிக்கிற களத்துல சின்னப் பையனா வேலை பாத்தது, காலாலயே கிளறி விடறது, மழை இருட்டிக்கிட்டு வந்தா எல்லாரும் ஓடி வந்து குவிக்கறது, காஞ்சிடுச்சான்னு பாக்க ரெண்டு நெல்ல எடுத்து பல்லுல வெச்சுக் கடிக்கிறது. டக்குனு ஒடஞ்சா மில்லுக்கு ஏத்தலாம், நசுங்கினா இன்னும் காயணும். இதெல்லாம் நான் உக்காந்து யோசிச்சா வராது.

ஆனா களத்துல இருக்கற வரைக்கும் "நாங்க ரெண்டு பேரும்" "நாங்க ரெண்டு பேரும்"னு சொல்றாரு. மில்லு வாங்கினதுல இருந்து "நான்". நடுவுல யாரும் சாகல, சண்டை போடல, ஊர விட்டுப் போகல. அந்த இன்னொருத்தர் யாருங்கய்யான்னு கேட்டேன். "அதெல்லாம் வேணாம்மா"ன்னு ஒரு நோட். நாலு செகண்டு.

டிசம்பர் 3

விளக்கு ஏத்தினேன். ரெண்டாவது ஆள் யாரு?

டிசம்பர் 5

எல்லாத்தையும் போட்டுட்டு தரமணிக்குப் போனேன், ரோஜா முத்தையா நூலகத்துக்கு. மயிலாப்பூர்ல பறக்கும் ரயில் ஏறினா கீழயே பக்கிங்ஹாம் கால்வாய், அதாவது என் நாவல். தூண நேரா கால்வாய்லயே எறக்கியிருக்காங்க. கருப்பா நிக்கிற தண்ணியில தெர்மாகோல். 1806ல காக்ரேன்னு ஒரு வெள்ளைக்கார வியாபாரி காசுல பட்டணத்துக்கு வடக்க வெட்ட ஆரம்பிச்சது, அப்பறம் சர்க்கார் கைக்குப் போயி நீண்டுக்கிட்டே போச்சு. அடையாறையும் கூவத்தையும் சேக்கற துண்டு தாது வருஷப் பஞ்சத்துல வெட்டினது, 1877-78, வயித்துக்கில்லாம வந்த ஜனங்களக் கூலிக்கு வெச்சு வெட்டினாங்க. பேர் மட்டும் கவர்னருக்கு. நான் ஏறின ஸ்டேஷனும் அந்தத் துண்டுலதான் நிக்குது. பெட்டியில ஒருத்தரும் ஜன்னல் வழியா கீழ பாக்கல, எல்லாரும் போனத்தான் பாக்கறாங்க, நான் மட்டும் எட்டி எட்டிப் பாக்க எதிர் சீட்டு அம்மா ஏதாச்சும் விழுந்துடுச்சாம்மான்னு கேட்டாங்க.

நாவல்ல வர்ற என் கண்ணையன் கரையில கயித்தத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறான், விறகுத் தோணி லாக்ல, அதாவது கால்வாய்த் தண்ணிய அடைச்சுத் தொறக்கற கதவுகிட்ட நிக்குது, கடல் ஏத்தம் வந்து தண்ணி ஏறினாத்தான் நகரும். ஆடியில இருந்து நிக்கிறான்.

பழைய பத்திரிகைல விறகு வெலை தேடினேன். மூக்குப்பொடி விளம்பரம்தான் கெடச்சுது. இருந்தாலும் நல்ல நாள்.

டிசம்பர் 8

பதிப்பாளர் அண்ணா. "அட்டைப்படம் ஃபேஸ்புக்ல போட்டாச்சும்மா, முன்பதிவு வருது." தேனீ புக்கு இன்னும் என் லேப்டாப்ல பாதியில நிக்குது, முன்பதிவு வருதாம். நந்தனம் ஒய்எம்சிஏல ஜனவரில கண்காட்சின்னா டிசம்பர் பூரா சென்னையில ஒரு அச்சகத்துலயும் எடம் கெடைக்காது. மீதி பத்து மாசமும் யாரும் அவசரப்படமாட்டாங்க, மெயில் போட்டா பதில் வராது, அப்பறம் ஐப்பசி பொறந்ததும் மொத்தத் தமிழுக்கும் பேறுகால வலி வந்துடும். 1977ல இருந்து நடக்குது இந்தக் கண்காட்சி, வருஷா வருஷம் வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வருஷா வருஷம் திடீர்னு வருது. ப்ரூஃப் பாக்க நாலு நாள் குடுக்கறாராம். நாலு நாள்ல தப்பு பாக்க முடியாது, பக்கத்த வேணா புரட்டலாம். வாங்கிட்டுப் போற ஜனங்க எழுத்துப் பிழைக்கு யாரத் திட்டுவாங்க, அண்ணாவையா? அட்டையில இருக்கற என் பேரத்தான்.

பெரியவர் புக்ல திட்டு வாங்க பேரும் இல்ல.

டிசம்பர் 10

ராத்திரி ரெண்டு மணி. நின்னு போன கல்யாணத்துக்கு அப்பறம் ஹீரோயின் தனியா உக்காந்திருக்கா. "தண்ணி ஏறட்டும். அதுவரைக்கும் நிப்பேன்"னு எழுதி அனுப்பிட்டேன். அசோசியேட் போன் பண்றான், அக்கா என்ன தண்ணி, மோட்டார் போடணுமா?

இருக்கட்டும்டா, சொல்லச் சொல்லுன்னேன். ஆடியில இருந்து கண்ணையன் வாயில வராத வசனம்.

டிசம்பர் 11

தூக்கம் இல்ல. எழுதவும் இல்ல.

டிசம்பர் 14

ஆதம்பாக்கத்துல ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, தண்ணி லாரின்னு சொல்லாம சொன்னாங்க. அட்வான்ஸ் குடுத்தாச்சு. நாளைக்குப் பால் மட்டும் காச்சிட்டு வந்துட்டா கணக்குக்குக் கார்த்திகையிலயே குடி போனதா ஆகிடும், சாமான் அப்பறம் ஏத்திக்கலாம், ஜோசியர்கிட்ட கேட்டுட்டேன்னு அம்மா. பால் பாத்திரம், ஸ்டவ்வு, மஞ்சள் குங்குமம், சாமி படம், லேப்டாப். லேப்டாப் எதுக்குன்னு கேட்டாங்க.

டிசம்பர் 15

பொங்கிடுச்சு. அந்தக் காலி ஹால்ல தரையில உக்காந்து பதினாலாம் அத்தியாயம் முடிச்சேன். நெட் இல்ல, யாரும் கூப்பிடல.

டிசம்பர் 20

பெரியவர் சொல்லிட்டாரு. களத்து அத்தியாயம் முழுசும் வேணாமாம். "மில்லு ஆரம்பிச்சதுல இருந்து போட்டுக்கோம்மா. பசங்களுக்கு இதெல்லாம் தெரிய வேணாம்." பசங்களுக்கா? அவங்களுக்கு என்ன தெரியக்கூடாது, களமா, அந்த ரெண்டாவது ஆளா? மொத்த புக்லயும் உசுரோட இருந்தது அந்த அத்தியாயம்தான். இனிமே லைசென்ஸு, பேங்க் லோன், சங்கத் தலைவர் பதவி, மந்திரியோட எடுத்த போட்டோ.

சரிங்கய்யான்னேன். அவர் வாழ்க்கை, அவர் காசு. ஆனா மத்தியானத்துல இருந்து ஒண்ணு அரிக்குது. அந்த நெல்லக் கடிக்கிறது. கண்ணையன் மடியில கொஞ்சம் நெல்லு முடிஞ்சு வெச்சிருக்கான்னு வெச்சா, காத்திருக்கற நேரத்துல ஒண்ணு எடுத்துக் கடிச்சா, அந்த சீன் முழுக்க எழுந்து நிக்கும். அவர் வேணாம்னு எடுத்தத நான் எடுத்துக்கலாமா? நெல்லக் கடிக்கிறது அவர் ஒருத்தர் சொத்து இல்ல, ஊர் பூரா கடிச்சிருப்பாங்க. ஆனா நான் ஊர்கிட்ட கேக்கலயே, அவர்கிட்டதான கேட்டேன், அதுவும் காசு வாங்கிட்டு. அவர்கிட்டயே கேட்டுடலாம்னா, கேட்டா வேணாம்மான்னுடுவாரு. கேக்காம எழுதினா அவர் படிக்கப் போறதே இல்ல. அதுதான் இன்னும் மோசமா இருக்கு.

எழுதிட்டு அழிச்சேன். மறுபடி எழுதி வேற ஃபைல்ல போட்டிருக்கேன். அஞ்சாவது ஃபைல்.

டிசம்பர் 23

டிஆர்பி ஏறிடுச்சாம். தண்ணி வசனத்த ப்ரோமோல போட்டிருக்காங்க. கண்ணையனுக்கு இனி அது வேணாம்.

டிசம்பர் 26

சாமான் பாதி அட்டைப் பெட்டியில, ப்ரூஃப் பெட்டி மேல. 112ம் பக்கம் வரைக்கும் வந்துட்டேன். தேனீ ஆடற படத்த அச்சகத்துல இடம் வலம் திருப்பிப் போட்டிருக்காங்க, வலது பக்கம் சாய வேண்டியது இடது பக்கம் சாயுது, இந்தப் படத்த நம்பிப் போனா ஒரு தேனீயும் பூவுக்குப் போய்ச் சேராது. அண்ணா போன எடுக்கல. அச்சகத்துலயும் எடுக்கல. பத்து மணிக்கு ஃபார்ம் ஓட்டறாங்களாம், நேர்லயே போகணும், லாரிக்காரன் வேற பதினொண்ணுக்கு வரேன்னு