ஹாலிவுட்டை விடுங்கள், சென்ட்ரல் அவென்யூ போங்கள்

75 டாலர் வாங்கினார்கள். நம் ஊர்க் காசில் ஆறாயிரத்துக்கு மேல். ‘துப்பறியும் கதைகளின் லாஸ் ஏஞ்சல்ஸ்’ என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு சுற்றுலா வேன். தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துப்பறிவாளர்கள் சிகரெட் பிடித்தபடி நின்ற தெருமுனைகள், பழைய ஹோட்டல் வாசல்கள், பிராட்பரி கட்டடத்தின் இரும்புப் படிக்கட்டு எல்லாவற்றையும் காட்டினார்கள். அதோடு வண்டியைத் திருப்பிவிட்டார்கள். “கறுப்பர்கள் வாழ்ந்த சென்ட்ரல் அவென்யூ போக மாட்டீர்களா?” என்று கேட்டேன். “அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை” என்றார் வழிகாட்டி. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

நான் இந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டதே ஈஸி ராலின்ஸால்தான். வால்டர் மோஸ்லியின் துப்பறியும் நாவல்களில் வரும் நாயகன். முழுப் பெயர் எசக்கியேல் ராலின்ஸ். ஹூஸ்டனிலிருந்து வந்தவர், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டை போட்டவர், கறுப்பர். 1990இல் வெளிவந்த முதல் நாவல் ‘டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்’. கதை நடப்பது 1948இல். விமானத் தொழிற்சாலையில் ஈஸிக்கு வேலை போய்விட்டது. வீட்டுக் கடன் தவணை நெருங்குகிறது. இறைச்சிக் கிடங்கின் மாடியில் இருக்கும் நண்பரின் பாரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வருகிறார். ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் போய்வருவதெல்லாம் கறுப்பர்கள் கூடும் இடங்கள். அங்கே வெள்ளைக்காரர் போய் விசாரித்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கையில் 100 டாலர் வருகிறது. ஈஸி ஒப்புக்கொள்கிறார்.

ஒப்புக்கொள்வது வீட்டுக்காக. சாகசத்துக்காகவோ அந்தப் பெண்ணுக்காகவோ இல்லை. சின்ன வீடு, சின்னத் தோட்டம், அதைக் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்கிற தவிப்பு. துப்பறியும் கதை ஒன்றில் வீட்டுத் தவணை இத்தனை கனமாக இறங்குவதை நான் வேறெங்கும் படித்ததில்லை. டென்சல் வாஷிங்டன் நடித்து 1995இல் படமாகவும் வந்தது. படம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் தவிப்பு நாவலில்தான் முழுசாக இருக்கிறது. மோஸ்லி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா லூசியானாவிலிருந்து வந்த கறுப்பர், பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. அம்மா யூதர். கம்ப்யூட்டர் புரோகிராமராக இருந்தவர் முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத உட்கார்ந்தார். பின்னால் வரும் நாவல்களில் ஈஸியும் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலைதான் பார்க்கிறார்.

நான் தங்கியிருப்பது டோரன்ஸில், அக்கா வீட்டில். தங்கும் செலவு இல்லாததால்தான் இந்தப் பயணமே சாத்தியமானது. நகரின் தெற்கே கறுப்பர்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதிக்கும் போகிறேன் என்றேன். “வாட்ஸா? அங்கே எதுக்குப் போறே? இத்தனை வருஷமா இருக்கோம், நாங்களே அந்தப் பக்கம் போனதில்லை” என்றார் அத்தான். “பகல்லதான் போறேன் அத்தான், இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அக்கா ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

மெட்ரோ ரயிலில் ஏ லைன் பிடியுங்கள். டாப் கார்டு என்கிற பயண அட்டைக்கு 2 டாலர், ஒரு தடவைக்கு 1.75. ஒரே கார்டைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு 5 டாலருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். வேன்காரர்களுக்குக் கொடுத்த காசில் இரண்டு வாரம் சுற்றலாம்! வெர்னான் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் சென்ட்ரல் அவென்யூ வந்துவிடும். கொஞ்ச தூரம்தான், ஆனால் நிழல் இல்லை, தொப்பி வேண்டும்.

இப்போது அந்தத் தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் ஸ்பானிஷ். டயர் கடை, பேக்கரி, முதல் நற்கருணைக்கு உடுத்தும் வெள்ளை கவுன்கள் தொங்கும் துணிக்கடை. 1940களில் இதுதான் கறுப்பர்களின் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு முதுகெலும்பு. 42ஆவது தெருப் பக்கம் நிற்கிறது டன்பார் ஹோட்டல். ஜமைக்காவிலிருந்து வந்த பல் மருத்துவர் ஜான் சோமர்வில்லும் அவர் மனைவி வேடாவும் 1928இல் கட்டியது. அப்போது அதற்கு சோமர்வில் ஹோட்டல் என்று பெயர். கட்டிய வருடமே கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் தேசிய மாநாடு இங்கே நடந்தது, மேற்குக் கரையில் அதுதான் முதல் தடவை. டியூக் எலிங்டன், லூயி ஆம்ஸ்ட்ராங், பில்லி ஹாலிடே என்று ஜாஸ் கலைஞர்கள் எல்லாரும் தங்கியிருக்கிறார்கள். கச்சேரிக்குக் கைதட்டிய ஊர் இரவு தங்க அறை கொடுக்காது, அதனால் இங்கே வந்தார்கள். இன்று அது வயதானவர்களுக்கான குறைந்த வாடகைக் குடியிருப்பு. வாசலில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டதும், பக்கத்தில் எந்த இடத்தில் கிளப் அலபாம் என்கிற ஜாஸ் கிளப் இருந்தது என்று தடியை நீட்டிக் காட்டினார். அந்த வேனில் அன்று முழுக்கக் கேட்டதைவிட அந்த ஐந்து நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது அதிகம்.

28ஆவது தெருவில் இருக்கும் ஒய்எம்சிஏ கட்டடத்தையும் பார்த்துவிடுங்கள். பால் ஆர். வில்லியம்ஸ் வடிவமைத்தது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர்கள் கழகத்தில் உறுப்பினரான முதல் கறுப்பர் அவர். தலைகீழாக வரையப் பழகி வைத்திருந்தாராம். வெள்ளைக்கார வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பர் வந்து உட்கார்ந்தால் பிடிக்காது. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அவர்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரி வரைந்து காட்டுவார். எப்பேர்ப்பட்ட திறமை, அது எதற்குச் செலவானது பாருங்கள்.

ஈஸி தன் வீட்டை ஏன் அப்படிக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார் என்பது இந்தத் தெருக்களில் நடக்கும்போது விளங்குகிறது. போர்க்காலத்தில் தொழிற்சாலை வேலைக்காக டெக்சாஸ், லூசியானாவிலிருந்து கறுப்பர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. ‘வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது’ என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். வீட்டு வேலைக்காரர்களாகத் தங்கினால் மட்டும் பரவாயில்லையாம். அந்த மாதிரிப் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல். நாவல் நடப்பதும் அதே வருடம். மோஸ்லி அந்த வருடத்தைச் சும்மா பிடித்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். தீர்ப்பு வந்த பிறகும் விடவில்லை. கறுப்பருக்கு வீட்டை விற்ற வெள்ளைக்காரர் மேல் அக்கம்பக்கத்தார் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அது இதே லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்கு. அதற்கும் 1953இல்தான் முற்றுப்புள்ளி வைத்தார்கள். வாதாடிய கறுப்பு வழக்கறிஞர் லோரன் மில்லர் பெயரை இந்த ஊருக்கு வருகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடந்து நடந்து பசி எடுத்துவிட்டது. தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு, பலகையில் விலையைக் கையால் எழுதிப்போட்டிருந்த ஒரு மீன் கடைக்குள் நுழைந்தேன். கெளுத்தி மீனைச் சோள மாவில் புரட்டிப் பொரித்துத் தருகிறார்கள். எண்ணெய் சொட்டாமல், மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி. கூடவே லூசியானா பக்கத்துச் சிவப்பு பீன்ஸும் சோறும், சுடச்சுடச் சோள ரொட்டி. கார சாஸை மேசையிலேயே வைத்திருந்தார்கள், நான் பாதி பாட்டிலைக் காலி செய்தேன். கடைசியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை ஒரு துண்டு. எல்லாம் சேர்த்து 16 டாலர். கவுன்டரில் இருந்த அம்மா “இன்னும் கொஞ்சம் பீன்ஸ் வேணுமா கண்ணு?” என்கிற தோரணையில் கேட்டுக் கேட்டுப் போட்டார். இந்தப் பயணத்தில் இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை. அமெரிக்கச் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று யாராவது இனி என்னிடம் சொன்னால் சண்டைக்கே போவேன்.

அப்புறம் மறுபடி ஏ லைன், தெற்கே வாட்ஸுக்கு. ரயிலில் இடதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். சில தெருக்கள் தள்ளி, இணையாகவே அலமீடா சாலை வருகிறது. ஈஸியின் காலத்தில் அதுதான் எல்லை. அதற்குக் கிழக்கே சவுத் கேட், ஹன்டிங்டன் பார்க் எல்லாம் வெள்ளையர் ஊர்கள். ஒரு கறுப்பர் அந்தப் பக்கம் எதற்கு வந்தார் என்று போலீஸுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மற்ற துப்பறிவாளர்கள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள். ஈஸி ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் யோசிக்க வேண்டும், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்கலாம் என்பது உட்பட. கொலைகாரனைத் தேடுகிற கதை, ஊரின் வரைபடத்தைக் கற்றுக்கொள்கிற கதையாகவும் ஆகிவிடுகிறது.

103ஆவது தெரு நிலையத்தில் இறங்கியதும் பக்கத்திலேயே 1904இல் கட்டிய பழைய மர ரயில் நிலையம். 1965 ஆகஸ்டில் அந்தத் தெரு எரிந்தபோது தப்பித்தது அது. ஆகஸ்ட் 11 அன்று அவலான், 116ஆவது தெரு சந்திப்புப் பக்கம் மார்க்கெட் ஃபிரை என்கிற 21 வயது இளைஞரைப் போலீஸ் நிறுத்தியது. அங்கே மூண்டது ஆறு நாள் எரிந்தது. 34 பேர் செத்தார்கள், 4,000 பேர் அளவுக்குக் கைதானார்கள். முந்தின வருடம்தான், வீடு விற்பதில் நிறம் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தை கலிபோர்னியா வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுக் கவிழ்த்திருந்தார்கள். கலவரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் அந்த ஓட்டிலிருந்து தொடங்கட்டும். முதல் நாவலில் ஈஸியின் வீடும் 116ஆவது தெருவில்தான்.

‘லிட்டில் ஸ்கார்லெட்’ நாவல் அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் தொடங்குகிறது. ஒரு கறுப்புப் பெண் கொல்லப்பட்டிருக்கிறாள், சந்தேகம் ஒரு வெள்ளைக்காரன் மேல். போலீஸால் வாட்ஸுக்குள் கால் வைக்க முடியவில்லை. அதுவரை ஈஸியை அடித்தும் மிரட்டியும் பார்த்த போலீஸ் அவரிடமே வந்து நிற்கிறது. முதல் நாவலில் பாருக்குள் நுழைந்த வெள்ளைக்காரருக்கு இருந்த அதே தேவை இப்போது அரசாங்கத்துக்கு. எனக்கு இந்த வரிசையிலேயே மிகப் பிடித்த நாவல் இதுதான்.

வாட்ஸ் கோபுரங்களுக்கு நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். சைமன் ரோடியா என்ற இத்தாலியக் குடியேறி 1921இலிருந்து 1954 வரை ஒற்றை ஆளாகக் கட்டியது. மிக உயரமானது கிட்டத்தட்ட 100 அடி. வேலிக்கு வெளியே நின்று பார்க்கக் காசு இல்லை. கிட்டப் போய்ப் பாருங்கள். சிமென்டில் பச்சைச் சோடா பாட்டிலின் அடிப்பாகம், உடைந்த தட்டு, கிளிஞ்சல், ஓடு எல்லாம் பதித்திருக்கிறார். ஓரிடத்தில் சோளக் கதிரை அழுத்தி எடுத்த தடம், முத்து முத்தாக. இன்னோரிடத்தில் சுத்தியலின் தடம். ஆபத்தானது, இடிக்க வேண்டும் என்று மாநகராட்சி கிளம்பியபோது 1959இல் இழுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கோபுரம் அசையவில்லை. நான் வெயில் இறங்கும்வரை நகரவே இல்லை.

சரி, டாக்சிக் கதை. கடைசிக் கட்டமாக சாண்டா மோனிகா போக வேண்டும். ஏதோ கோளாறில் ரயில் தாமதம் என்றார்கள். நிலையத்துக்கு வெளியே நின்ற ஒரு டாக்சிக்காரர் 70 டாலர் சொன்னார். எதற்கு இவ்வளவு என்றால், “இந்த ஏரியாவுக்கு வந்ததற்கே 20 டாலர் தனி” என்றார். அவர் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்! மோசமான ஏரியா என்று சொல்லிச் சொல்லியே காசு பார்க்கிற இந்தப் பழக்கம் எனக்கு அறவே ஆகாது. பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். ரயில் வந்தது. நடுவில் ஈ லைனுக்கு மாறி, 5 டாலர் வரம்புக்குள்ளேயே கடற்கரை போய்ச் சேர்ந்தேன். அத்தானுக்குப் போன் போட்டு, இருட்டிவிடும் என்று சொல்லிவிட்டேன்.

சாண்டா மோனிகா கடற்பாலத்தில் எல்லாரும் ராட்டினத்தைப் படமெடுக்கிறார்கள். முதல் நாவலில் ஈஸி இங்கே ஒருவருக்காகக் காத்து நிற்பார். ஒரு வெள்ளைக்காரப் பெண் தானாக வந்து பேச்சுக் கொடுப்பாள். அவ்வளவுதான், பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள். பாலத்திலிருந்து தெற்கே கடலோரமாகக் கால் மணி நேரம் நடந்தால் பே தெரு முனையில் ஒரு பித்தளைப் பலகை. கறுப்பர்கள் கூடிய கடற்கரைத் துண்டு அது. ‘இங்க் வெல்’, மைக்கூடு, என்று அதைக் கூப்பிட்டார்கள். 2008இல்தான் பலகை வைத்தார்கள். அதில் நிக் கபால்டான் பெயரும் இருக்கிறது. கறுப்பு அலைச்சறுக்கு வீரர், மாலிபு அலைகளுக்காக இங்கிருந்து பன்னிரண்டு மைல் சறுக்குப் பலகையிலேயே துழாவிக்கொண்டு போனவர். 1951இல் மாலிபு கடற்பாலத்தில் மோதி இறந்தார். நான் நின்ற நேரத்தில் அந்தப் பித்தளைப் பலகையை ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

போகிறவர்கள் ‘டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்’, ‘லிட்டில் ஸ்கார்லெட்’ இரண்டையும் படித்துவிட்டுப் போங்கள், இடையில் உள்ளவற்றைப் பிறகு படிக்கலாம். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட் நட்சத்திர நடைபாதைக்கு நேரம் ஒதுக்காதீர்கள், தரையில் பெயரும் காலடியில் குப்பையும்தான். இன்னும் ஒரு இடம் எனக்குப் பாக்கி: மான்ஹாட்டன் பீச்சில் புரூஸ் பீச். ஒரு கறுப்புத் தம்பதியின் கடற்கரை விடுதி நிலத்தை 1924இல் பூங்கா கட்டுவதாகச் சொல்லிப் பிடுங்கினார்கள், 2022இல்தான் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா வீட்டிலிருந்து பக்கம். நேற்று இரவு இதையெல்லாம் சொன்னதும் அத்தான் நாவலை என் பையிலிருந்து எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை அவரே கார் ஓட்டுகிறார், பார்க்கிங் காசு என்னுடையது.