தண்ணீருக்குள் ஒரு புரதத்தைத் தேடிய கதை

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் எங்கள் ஆய்வகத்துக்கு, வலுவான அகச்சிவப்பு ஒளி தரும் குவாண்டம் கேஸ்கேட் லேசர் வந்து இறங்கியது. இனி வேலை சுலபம் என்றுதான் நினைத்தேன்.

அகச்சிவப்பில் புரதத்தின் வடிவத்தை அறிய அமைடு 1 பட்டையை, அதாவது புரதச் சங்கிலியின் பிணைப்புகள் ஒளியை விழுங்கும் பகுதியைப் பார்ப்போம். அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்ற கணக்கு) 1600 முதல் 1700 வரை. சங்கிலி சுருண்டிருக்கும் ஆல்பா சுருள் 1655 பக்கம் உச்சி காட்டும், பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கும் பீட்டா தாள் 1630 பக்கம். வம்பு என்னவென்றால், தண்ணீரும் 1645-இல்தான் ஒளியை விழுங்கும். அதனால் எஃப்டிஐஆர் என்ற பழைய அகச்சிவப்பு அளவீட்டுக் கருவியில் மாதிரியின் தடிமன் 8 மைக்ரான் அளவில்தான் இருக்க வேண்டும்; புரதமும் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராமாவது வேண்டும். லேசர் வலுவானது என்று 25 மைக்ரான் செல்லை (மாதிரியை அடைக்கும் மெல்லிய கூட்டை) மாட்டினோம். அந்தத் தடிமனில் 1645-இல் நுழையும் ஒளியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். அந்த மிச்சத்தில்தான் புரதத்தைத் தேட வேண்டும்.

எடுத்துக்கொண்டது மாட்டுச் சீரம் ஆல்புமின், மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம். முதல் நாள் திரையில் வந்தது ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு. காற்றில் இருந்த நீராவி செய்த வேலை. ஒளிப்பாதையை மூடி உலர்ந்த காற்றை விட்டதும் பற்கள் மறைந்தன. அப்புறம் செல்லில் குமிழி. அதைச் சொல்லி மாளாது, விடுங்கள்.

மூன்றாம் நாள் கோடு வழவழப்பாக வந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு உச்சி. லேசர் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏசி ஓடுறப்ப எடுத்தியா, நின்னப்ப எடுத்தியா?"

வெப்பநிலை மாறினால் தண்ணீரின் பட்டையும் நகரும். தண்ணீரின் பங்கை நீக்க, காலையில் எடுத்த வெறும் பஃபரின் (புரதத்தைக் கரைக்கும் உப்புக் கரைசலின்) அளவை மாலையில் எடுத்த புரதத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது பாதி தண்ணீர்தான். செல்லின் வெப்பத்தை 25 டிகிரியில் நிறுத்தி, பஃபர், புரதம், மறுபடி பஃபர் என்று சில நிமிட இடைவெளியில் அளக்கத் தொடங்கினேன்.

இன்னொரு தப்பும் என் கையில்தான் இருந்தது. கழிப்பதற்குத் தனியாகக் கலக்கிய பஃபரை எடுத்திருந்தேன். உலர்த்திய புரதப் பொடியோடு வரும் உப்பு அதில் ஏது? புரதக் கரைசலை நுண்துளைப் பையில் அடைத்து, பஃபரில் ஊறவிட்டு இரவு முழுக்க டயாலிசிஸ் செய்து, பையைச் சுற்றி இருந்த அதே நீரைக் கழிக்க வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் 1655 பக்கம் ஒரு உச்சி. மறுபடி எடுத்தேன், அதே இடம். ஆல்புமின் பெரும்பாலும் ஆல்பா சுருள்தான், சரி. ஆசை விடவில்லை, செல்லை 75 டிகிரிக்குச் சூடாக்கி, பஃபரையும் அதே சூட்டில் அளந்து கழித்தேன். அந்த உச்சி தணிந்து, 1620 பக்கம் புதிதாக ஒரு தோள், அதாவது உச்சியின் ஓரத்தில் ஒரு புடைப்பு, எழும்பியது. புரதம் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. செல்லைக் கழுவ அன்று அரை நாள் ஆனது.