ரத்தம் தேறிவிட்டது, மூளை?

குறுவைக்கு இலைச்சுருட்டுப் புழு வந்ததென்று சித்தப்பா மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து அடித்தார். தெளிப்பான் கசிந்து சட்டையின் முதுகெல்லாம் நனைந்திருக்கிறது. இரவு வேர்த்துக் கொட்டியது, வாயில் நீர் ஒழுகியது. வெயில் அடித்துவிட்டது என்று சித்தி மோர் கொடுத்துப் படுக்க வைத்தார். விடிந்த பிறகுதான் நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கு வந்தார்கள். கண்மணி இரண்டும் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன.

ஆய்வகத்தில் அவர் ரத்தத்தை நான்தான் சோதித்தேன். 5,000க்கு மேல் இருக்கவேண்டிய கோலினெஸ்டரேஸ் என்ற நொதி 380தான் இருந்தது.

நரம்பு விடும் செய்தியை அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுமந்து போகிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்துப்போடுவது இந்த நொதிக் குடும்பம். நொதியைப் பூச்சிமருந்து கவ்விக்கொண்டால் செய்தி ஓயாமல் ஒலிக்கும். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லி தேடியபோதுதான் தாபுன் என்ற நரம்பு நஞ்சு கிடைத்தது. அடுத்து வந்தது சாரின். 1995 மார்ச் 20இல் டோக்கியோ சுரங்க ரயில்களில் அதைக் கசியவிட்டார்கள். புனித லூக்கா மருத்துவமனைக்கு மட்டும் அன்று 600க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களுக்கும் கண்மணி சுருங்கியிருந்தது. அங்கே கொடுத்த அட்ரோபினும் பிராலிடாக்சைமும்தான் சித்தப்பாவுக்கும் ஏறின.

அட்ரோபின் உயிரைப் பிடித்துவைக்கும், நொதியை விடுவிக்காது. விடுவிப்பது பிராலிடாக்சைம். ஆனால் கவ்விய பிடி நேரமாக ஆக இறுகிவிடும், ஏஜிங் என்போம். அதன்பின் எந்த ஊசியாலும் பிரிக்க முடியாது. சித்தப்பா அடித்த மருந்தில் 4 மணி நேரத்துக்குள் பாதி நொதி இறுகிவிடும். சித்தி மோர் கொடுத்த அந்த இரவை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

மூன்று வாரத்தில் 4,100. சித்தி கோயிலுக்குப் போய் வந்தார். எனக்கு நிம்மதி இல்லை. நாங்கள் அளப்பது கல்லீரல் செய்து ரத்தத்தில் விடும் நொதி. மூளையில் இருப்பது அதன் உடன்பிறப்பு, அதுவே அல்ல. பிராலிடாக்சைம் மூளைக்குள் மிகக் கொஞ்சமே நுழையும். இறுகிப்போன நொதிக்கு ஈடாக நரம்பணுக்களே புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மூளையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்க முடியுமா? சிவப்பணுவில் இருக்கும் நொதி மூளையுடையதற்கு நெருக்கம். அதுகூட நாளுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் ஏறும்.

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார் சித்தப்பா. பேத்தி பெயர் சட்டென்று வருவதில்லை. நஞ்சுதான் காரணமென்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 4,100ஐக் காட்டி எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சித்தியிடம் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். தெளிப்பானை அன்றே விற்றுவிட்டார். மோட்டார் கொட்டகைச் சாவி இப்போது அவர் இடுப்பில் இருக்கிறது.