ஆகஸ்ட் 31 வரை

ஜனவரி 21, 2024, ஞாயிறு

கால் உடைந்து ஒன்பதாம் நாள். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தபடியே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. அன்றைக்கு வாசலில் பனி உருக உப்பு போட்டிருந்தால்... சரி, அதை விடலாம்.

மறுபடி ஹூஸ்டன் ஆட்டம் போட்டுப் பார்த்தேன், எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழக அணி அமெரிக்கக் கால்பந்தில் தேசியப் பட்டம் ஜெயித்தது. ஜனவரி 8, 34-13. பந்தோடு ஓடியே 303 யார்டு. முதல் பதினைந்து நிமிட ஆட்டத்துக்குள் டோனோவன் எட்வர்ட்ஸ் 41 யார்டு ஒன்று, 46 யார்டு ஒன்று என்று எதிரணியின் எல்லைக்குள் ஓடி இரண்டு டச்டவுன். எல்லாரும் எட்வர்ட்ஸைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கண் போவது அவனுக்கு வழி திறந்துவிட்ட லைன் மேல், முன்னால் நின்று எதிரணியை மறிக்கிற ஐந்து பேர் மேல். எதிரே நின்ற வாஷிங்டன்தான் இந்த வருஷம் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது வாங்கிய அணி. 2021, 2022 இரண்டு வருஷமும் அது மிச்சிகனுக்கு வந்தது.

அந்த லைனில் ஒருவன்கூட அடுத்த சீசனில் இல்லை. ஹெண்டர்சன், கீகன், நூஜென்ட், பார்ன்ஹார்ட், ட்ரென்டி ஜோன்ஸ், அப்புறம் நவம்பரில் அடிபட்டு வெளியே போன ஜின்டர். ஆறு பேர். இரவு முழுக்க இதே எண்ணம்தான் ஓடியது.

ஜனவரி 24, புதன்

தலைமைப் பயிற்சியாளர் ஹார்பா போகிறார். சார்ஜர்ஸ், தொழில்முறை அணி. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் போகட்டும். லைனைப் பார்க்கிற ஷெரோன் மூர் மட்டும் போகக் கூடாது.

ஜனவரி 26, வெள்ளி

மூர்தான் இனி தலைமைப் பயிற்சியாளர். இவள் சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறேன்.

ஓக்லஹோமாவில் கார்டாக, லைனில் நடு ஆளுக்குப் பக்கத்து இடத்தில், ஆடியவர். 2021இல் லைன் பொறுப்பு அவர் கைக்கு வந்தது, அதே வருஷம் விருது. நவம்பரில் ஹார்பா இல்லாத நேரத்தில் பென் ஸ்டேட் மைதானத்தில் அவர் ஆட்டத்தை நடத்திய விதம் மறக்காது. கடைசியில் வரிசையாக 32 முறை ஓட்டம். கணக்கில் ஒரு எறிதல்கூட இல்லை. நாங்கள் ஓடத்தான் போகிறோம், முடிந்தால் நிறுத்து என்று சொன்ன மாதிரி. 24-15. லைன் மேல் அப்படி நம்பிக்கை வைக்கிற ஒருவர் மேலே போயிருக்கிறார். அப்படியென்றால் லைனை இனி யார் பார்ப்பது?

ஜனவரி 30, செவ்வாய்

பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்துவிட்டேன்.

நவம்பர் 25, ஒஹையோ ஸ்டேட், 17-17. ஜின்டர் கீழே விழுகிறான். இடது கால், கெண்டைக்குள் இருக்கிற இரண்டு எலும்பும். ஒரு லட்சம் பேர் இருக்கிற இடத்தில் சத்தமே இல்லை. அணி மொத்தமும் மைதானத்துக்குள் வந்து அவனைச் சுற்றி நிற்கிறது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பார்ன்ஹார்ட் ஓர இடமான டாக்கிளிலிருந்து கார்டுக்கு நகர, வெளியே ட்ரென்டி ஜோன்ஸ் வருகிறான். அடுத்த முறை பந்தை எடுத்ததுமே பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன். கோரம் விரலால் ஆறு, ஐந்து என்று காட்டுகிறான். ஜின்டரின் சட்டை எண்.

எனக்கும் இடது கால்தான். அதே இரண்டு எலும்பு. நவம்பரில் அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது இவளிடம், பாவம் அந்தப் பையன், எப்படி வலித்திருக்கும் என்றேன். எப்படி வலிக்கும் என்று இப்போது தெரியும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கிராண்ட் நியூசம். லைன் இனி அவர் பொறுப்பு. இதுவரை டைட் எண்டுகளை, லைன் ஓரத்தில் நின்று மறிக்கவும் பந்து பிடிக்கவும் செய்கிறவர்களை, பார்த்துக்கொண்டிருந்தவர்.

2016 அக்டோபர் 1 அன்று நான் மைதானத்தில் இருந்தேன். விஸ்கான்சின் ஆட்டம். நியூசம் அப்போது இரண்டாம் வருஷப் பையன், லெஃப்ட் டாக்கிள். ஓட்டத்துக்கு வழிவிட வெளியே வந்தவனின் முட்டியில் ஒருவன் தாழ்வாக வந்து மோதினான். பார்த்தபோது சாதாரண அடி என்றுதான் நினைத்தோம். முட்டி விலகி ரத்தக்குழாயும் சேதமாகி, 38 நாள் ஆஸ்பத்திரி. காலையே எடுக்க வேண்டி வருமோ என்கிற நிலை வரை போனது. திரும்பி வந்து ஆட முயன்றான், முடியவில்லை. 2018இல் விட்டுவிட்டு அங்கேயே உதவிப் பயிற்சியாளர் பக்கம் வந்துவிட்டான். அன்றைக்கு ‘அவன்’. இன்றைக்கு ‘அவர்’.

இதை எழுதும்போது அழுகை வருகிறது. மாத்திரையால் இருக்கலாம்.

அவருக்கு முழுநேர லைன் பொறுப்பு இதுதான் முதல் தடவை. உடற்பயிற்சி பார்த்த பென் ஹெர்பர்ட்டும் ஹார்பாவோடு போய்விட்டார். லைன்காரர்களுக்கு ஹெர்பர்ட் எவ்வளவு முக்கியம் என்று வெளியே பலருக்குத் தெரியாது. 300 பவுண்டு உடம்பை எடை குறையாமல் வேகமாக்குவது அந்த அறையில்தான் நடக்கிறது. ஆட்களும் புதுசு, சொல்லிக்கொடுப்பவரும் புதுசு, எடை தூக்க வைப்பவரும் புதுசு. ஒரே வருஷத்தில் மூன்றும்.

பிப்ரவரி 9, வெள்ளி

தூக்கம் இல்லை. சென்டர் யார், லைனின் நடு ஆள்?

பிப்ரவரி 18, ஞாயிறு

அம்மா போனில். “ஏய்யா, காலை ஊனிறியா?” இன்னும் இல்லை என்றேன். ஊரில் இருந்திருந்தால் புத்தூர் கட்டு போட்டு எழுப்பியிருப்பாளாம். உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் பிரண்டைத் துவையலில்தான் வந்து நிற்கிறாள். தங்கச்சி மூலம் பிரண்டைப் பொடி அனுப்பியிருக்கிறாளாம்.

அப்புறம், எதை நினைத்து இப்படிக் குரல் வாடிக் கிடக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குக் கபடி தெரியும். அப்பா ஆடியதை, நான் ஆடியதைப் பார்த்தவள். கையைக் கோத்துச் சங்கிலி போட்டு நிற்போமே அம்மா, கார்னர்காரன் காலைப் பிடித்த நொடி கவர் வந்து விழ வேண்டாமா, அது மாதிரி ஐந்து பேர் என்றேன். “அப்ப ஆள் மாறினா சங்கிலி அத்துப்போகும்ல?” என்றாள்.

அதுதானே என் கவலை. ஊரில் நானும் இடது கார்னரும் நாலு வருஷம் ஒன்றாக நின்றோம். அவன் தோள் அசைவதை வைத்தே பாய்வானா மாட்டானா என்று எனக்குத் தெரியும். அவன் வேலைக்குத் திருப்பூர் போனதும் அவனைவிடப் பலசாலி ஒருவன் வந்தான். அந்த வருஷம் ஒரு கோப்பைகூட இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

எக்ஸ்ரே. எலும்பு கூட ஆரம்பித்திருக்கிறது. வெள்ளைப் புகை மாதிரி ஒரு படலம். பாதி எடை வைக்கலாம் என்றார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

மகள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். தட்டில் என் மாத்திரை டப்பாக்கள், ஆரஞ்சு நிறம், சரியாக ஐந்து. வரிசையாக வைத்தேன்.

இடது ஓரம் மைல்ஸ் ஹின்டன். ஸ்டான்ஃபோர்டிலிருந்து போன வருஷம் வந்தவன், முதல் சில ஆட்டங்களில் தொடக்கத்திலேயே இறங்கியவன். அப்பா கிறிஸ் ஹின்டன் 1983 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கிற தேர்வில், நாலாவது ஆளாகத் தேர்வாகி, ஜான் எல்வேயை வாங்குவதற்காகக் கோல்ட்ஸுக்குக் கொடுக்கப்பட்டவர், ஏழு முறை ப்ரோ பவுல் என்கிற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். ரத்தத்திலேயே லைன் இருக்கிறது. கால் கொஞ்சம் மெதுவோ என்பது மட்டும்தான் என் பயம். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் வலது கைக்காரன் என்றால் இடது ஓரம் அவன் முதுகுப் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் அவனுக்கே தெரியாது.

அடுத்து ஜாஷ் ப்ரீபி. நார்த்வெஸ்டர்னிலிருந்து வருகிறான், ஆனால் சொந்த ஊர் மிச்சிகனின் எட்வர்ட்ஸ்பர்க். வீட்டுக்குத் திரும்பி வருகிற பையன். இவனைப் பற்றிக் கவலை இல்லை. வலது கார்ட் ஜியோவானி எல்ஹாடி, ஸ்டெர்லிங் ஹைட்ஸ் பையன், இத்தனை வருஷம் பெஞ்சில் காத்திருந்தவன். இவன் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

வலது ஓரம்? ஜென்ட்ரியா, பெர்சியா, சின்னப் பையன் எவன் லிங்கா? டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தேன். மகள் வாங்கி மூலையில் வைத்தாள்.

அவளுக்கு ஸ்டன்ட் என்றால் என்ன என்று காட்டினேன். இரண்டு உப்பு ஜாடிகள் எதிரணி. உள்ளே இருக்கிறவன் நேராக வராமல் வெளிப்பக்கம் சாய்ந்து நம் டாக்கிள் மேல் விழுவான். வெளியே இருந்தவன் அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே வருவான். இப்போது கார்டும் டாக்கிளும் ஆளைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். நீ அவனைப் பிடி, நான் இவனைப் பிடிக்கிறேன் என்று பேச நேரம் கிடையாது. கார்ட் தன் ஆளைத் துரத்திக்கொண்டே போனால் நடுவில் கதவு திறந்துவிடும். மகள் கார்ட் டப்பாவைத் துரத்த விட்டாள். ஜாடி நேராகக் குவார்ட்டர்பேக் மேல், அதாவது என் கண்ணாடிக் கூடு மேல் போய் விழுந்தது. “ஐயோ” என்றாள். இரண்டாம் முறை கைமாற்றினாள். மூன்றாம் முறை நான் சொல்லாமலே.

நடு டப்பாவைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு இனி ஒரு மணி நேரம் தள்ளித்தான் பேச வேண்டும். கால் வீக்கம்.

மார்ச் 25, திங்கள்

ஸ்பிரிங் பயிற்சி நடக்கிறது. பிசியோவில் ஒரு படிக்கட்டு, நாலே படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. நல்ல கால் மேலே போகும்போது முதலில், கெட்ட கால் கீழே வரும்போது முதலில்.

சென்டரைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும்.

2022இல் ஓலு ஒலுவாட்டிமி வர்ஜீனியாவிலிருந்து வந்தான். அந்த வருஷ அவுட்லேண்ட், ரிமிங்டன் இரண்டு விருதும் அவனுக்கு. 2023இல் நூஜென்ட் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தான். தேசியப் பட்டம். ஆக இரண்டு வருஷமும் நடு ஆள் வெளியிலிருந்து, சமைத்து முடித்த சாப்பாடு மாதிரி. இந்த முறை வீட்டிலேயே சமைக்க வேண்டும். கிரெக் கிரிப்பன் இரண்டு பேருக்கும் பின்னால் நின்று பார்த்தவன். டொமினிக் ஜூடிசே டிஃபென்ஸில் சேர்ந்து இந்தப் பக்கம் மாறி வந்தவன். இரண்டு பேருமே பெரிய ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து இறங்கிப் பழகியவர்கள் இல்லை.

வெளியே பார்ப்பவர்களுக்குச் சென்டர் பந்தைக் கொடுப்பவன், அவ்வளவுதான். அதற்கு முன்பே எதிரணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிற நடு லைன்பேக்கர் யார் என்று கைகாட்டிக் கூவ வேண்டும். அந்தக் கையை வைத்துத்தான் மற்ற நாலு பேரும் தங்கள் ஆளைக் கணக்குப் போடுகிறார்கள். அவன் ஒரு ஆள் தள்ளிக் காட்டினால் நாலு பேருக்கும் கணக்குத் தப்பும். ஒரு கையால் பந்தைப் பின்னால் அனுப்புகிற அதே நொடியில் 300 பவுண்டுக்காரன் மேலே வந்து விழுவான். அரையிறுதியான ரோஸ் பவுலில் அலபாமாவின் சென்டர் பந்தைத் தாழ்வாகவே அனுப்பிக்கொண்டிருந்தான். ஓவர்டைமில் நான்காவது டவுன், அவர்களுக்குக் கடைசி முயற்சி, அதுவும் தாழ்வு. அவர்கள் குவார்ட்டர்பேக் மில்ரோ அதைப் பிடித்து நிமிர்ந்து ஓடுவதற்குள் நம் ஆட்கள் மூடிவிட்டார்கள். 27-20. நாங்கள் ஜெயித்த ஆட்டம்தான், ஆனாலும் அந்தப் பையனுக்காக மனசு வலித்தது. அவன் இப்போது ஒஹையோ ஸ்டேட்டில். நவம்பர் 30 அன்று கொலம்பஸில் எதிரே நிற்பான்.

என் ஓட்டு கிரிப்பனுக்கு. காத்திருந்தவனுக்கு.

ஏப்ரல் 8, திங்கள்

கிரகணம். இவளும் மகளும் முழுசாகப் பார்க்க டொலிடோ பக்கம் போய்விட்டார்கள். நான் போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே முழுசாக மறையவில்லை, ஆனாலும் வெளிச்சம் ஒரு மாதிரி செத்துப் போனது. பறவைகள் அடங்கின. பயமாக இருந்தது, சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. ஊன்றுகோல் இல்லாமல் அடுப்படி வரை போய் மாங்காய்ப் பச்சடி எடுத்து வந்தேன். இவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20, சனி

ஸ்பிரிங் ஆட்டம். வருஷா வருஷம் நேரில் போவோம். இந்த முறை டிவி.

இருக்கிற ஆட்களையே மஞ்சள், நீலம் என்று இரண்டாகப் பிரித்து ஆடும்போது எந்த ஐந்து பேர் ஒன்றாக நிற்பார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் குவார்ட்டர்பேக்குகளைப் பார்க்கவே இல்லை. காலை மட்டும் பார்த்தேன். பின்னால் வைக்கிற முதல் அடி, கிக் ஸ்லைடு. இடுப்பு தாழ்ந்தே இருக்கிறதா, முட்டி நிமிர்ந்துவிடுகிறதா. சின்னப் பையன்கள் மூன்றாம் அடியில் நிமிர்ந்துவிடுகிறார்கள். நிமிர்ந்தால் தள்ளிவிடுவான். நான்கு மாதத்தில் இதைச் சரிபண்ண முடியுமா? ஆகஸ்ட் 31 முதலாட்டம், ஃப்ரெஸ்னோ ஸ்டேட். இரண்டாவது ஆட்டமே டெக்சாஸ்.

எங்கள் மைதானத்தில் மேலிருந்து உள்ளே வந்து கீழே இறங்கி உட்கார வேண்டும். எங்கள் இருக்கை ரொம்பக் கீழே. இறங்கிவிடுவேன். ஆட்டம் முடிந்து ஏறுவதை நினைத்தால்தான்.

ஏப்ரல் 26, வெள்ளி

85! மூன்றாம் சுற்று, கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ். ஜின்டர்!

டிராஃப்ட் பக்கத்து ஊர் டெட்ராய்ட்டில், நான் சோபாவில். பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு காலிலும். எதையும் பிடிக்கவில்லை என்று உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஐந்து மாதம்தான் ஆகிறது அவனுக்கு. எனக்கு மூன்றரை.

ஏப்ரல் 30, செவ்வாய்

வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கிற போர்ட்டல் இன்றோடு மூடுகிறது. யாராவது ஒரு சென்டர் வருகிறானா என்று ராத்திரி வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜின்டரும் கீகனும் ஹெண்டர்சனும் டிராஃப்டில் போனார்கள். மற்ற மூன்று பேரையும் அப்புறம் ஏதோ ஒரு அணி எடுத்துக்கொண்டது, பார்ன்ஹார்ட்டை ஹார்பாவே. ஆறு பேருக்கும் ஒரு வழி ஆகிவிட்டது. சந்தோஷம். இங்கேதான் ஆறு இடம் காலி.

மே 3, வெள்ளி

ஹின்டன், ப்ரீபி, கிரிப்பன், எல்ஹாடி. ஐந்தாவது இடத்தில் இன்று எவன் லிங்க் பெயரை எழுதினேன். போன வருஷம்தான் சேர்ந்த பையன், டெக்சாஸ் அவனைத்தான் குறிவைக்கும். எழுதியதை அடிக்கவில்லை.

வீட்டு மாடிப்படி பதினாலு. கைப்பிடி தொடாமல் ஒன்பது. பத்தாவதில் முட்டி...