ஒரு கையெழுத்துக்காகத் தூத்துக்குடிக்கு இரண்டு முறை

'உழைப்பு' என்ற தலைப்பில் நடந்த புகைப்படப் போட்டியில் என் படம் தேர்வாகியிருப்பதாக நவம்பர் முதல் வாரம் மின்னஞ்சல் வந்தது. தேர்வான படங்களைச் சென்னையில் கண்காட்சியாக வைக்கிறார்கள். மே மாதம் முள்ளக்காட்டு உப்பளத்தில் எடுத்த படம் அது. ஓர் அக்கா பாத்தி வரப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். நீளப் பக்கம் 1920 பிக்சல், எஸ்ஆர்ஜிபி வண்ண முறை, வாட்டர்மார்க் இல்லாத ஜேபெக் என்று அனுப்பும் வேலையெல்லாம் எளிதாகத்தான் முடிந்திருந்தது.

மின்னஞ்சலின் கடைசிப் பத்தியில்தான் சிக்கல். பத்து நாளுக்குள் ரா ஃபைலும் (கேமரா பதிவு செய்த, திருத்தாத மூலக் கோப்பு), முகம் தெரிகிறவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவமும் வர வேண்டும், இல்லையென்றால் படம் நீக்கப்படும். விதிமுறையிலும் இது இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ரா ஃபைல் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அந்த அக்காவிடமோ வாய்வார்த்தையாகக் கேட்டதோடு சரி, பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை. போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் செய்து கேட்டேன். "பேப்பர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்று வைத்துவிட்டார்கள்.

அன்றிரவே முத்துநகர் எக்ஸ்பிரஸில் கிளம்பினேன். மழைக்காலத்தில் உப்பு வாருவது நின்றுவிடும் என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அவசரத்தில் யோசிக்கவில்லை. பாத்தியும் வரப்பும் தெரியாமல் அளம் முழுக்கத் தண்ணீர், ஓர் ஆள் இல்லை. டீக்கடை அண்ணாச்சி போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் ஆளைச் சொல்லிவிட்டார். "அவ மக வீட்டுக்குப் போயிருக்கா, ஞாயித்துக்கிழமதான் வருவா." அடுத்த நாள் அலுவலகம் இருந்ததால் வெறுங்கையோடு திரும்பினேன்.

சனிக்கிழமை இரவு மறுபடியும் அதே ரயில். இந்த முறை படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அக்கா அதைக் கையில் வாங்கி, முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்த்தார். உப்புத்தண்ணீரில் வெளுத்து, குதிகாலில் பிளவு பிளவாக வெடித்திருந்த கால். மகளிடம் நீட்டி, "இந்த வெடிப்பப் பாரு, எப்படித் தெளிவா விழுந்திருக்கு" என்றார்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மகள் கல்லூரியில் படிக்கிறவர், ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "எந்தப் பயன்பாட்டுக்கும்னு போட்டிருக்கே அண்ணா, விளம்பரத்துக்கும் எடுத்துக்குவாங்களா?" நான் அதுவரை அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. அதை அடித்துவிட்டு, 'இந்தக் கண்காட்சிக்கும் அதன் கையேட்டுக்கும் மட்டும்' என்று தமிழில் எழுதினேன். அதன் கீழே அக்கா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

சென்னையில் அதற்கும் தகராறு. அடித்தல் திருத்தல் இருக்கும் படிவம் செல்லாது என்றார்கள். அவர்களுடைய விதிமுறையிலேயே கண்காட்சி, கையேடு என்று இரண்டைத்தான் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் காட்டி அரைமணி நேரம் நின்றேன், வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் கேட்டிருக்காவிட்டால் அக்காவின் முகம் எந்த விளம்பரத்தில் போயிருக்குமோ!

போட்டிக்குப் படம் அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். தமிழிலேயே ஒரு பக்க ஒப்புதல் படிவம் கேமரா பையில் இருக்கட்டும், எடுத்த இடத்திலேயே கையெழுத்தும் போன் நம்பரும் வாங்கிவிடுங்கள். எவ்வளவு காலத்துக்கு, எதற்கெல்லாம் படத்தைப் பயன்படுத்துவார்கள் என்ற பகுதியைக் கட்டணம் கட்டும் முன் படியுங்கள். ரா ஃபைலை அழிக்காதீர்கள். ஃபைலை வாட்ஸ்அப்பில் கேட்டால் டாக்குமெண்டாகவே அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். அப்புறம், 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போடும் முன் சின்ன அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். எனக்கு முதல் பிரிண்டில் உப்பு நீலமாக வந்து, மறுபடி போட வேண்டியதாயிற்று.

திறப்பு நாளில் பார்த்தால் படத்தின் கீழே 'வேதாரண்யம்' என்று போட்டிருந்தார்கள். மாற்றும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை. 'முள்ளக்காடு, தூத்துக்குடி' என்று புது அட்டை ஒட்டிய பிறகு ஒரு படம் எடுத்து மகளின் நம்பருக்கு அனுப்பினேன்.