பெரியப்பாவோட ட்ரங்க் பெட்டி
பெரியப்பா போயி பதினாறு நாள் ஆச்சு. எங்க கம்மவான்பேட்டைல மிலிட்டரிக்காரர் இல்லாத வீட்ட தேடித்தான் கண்டுபிடிக்கணும், எங்க வீட்டுக்கு இவரு. வெலிங்டன்ல டிரெய்னிங், மெட்ராஸ் ரெஜிமென்ட், 1971 பாகிஸ்தான் சண்டை. அத பத்தி கேட்டா மட்டும் மனுஷன் வாயே தொறக்க மாட்டாரு, டிசம்பர் குளிர்ல துப்பாக்கி இரும்ப தொட்டா கை எரியும்டா, அவ்ளோதான், பீடிய பத்த வச்சுக்குவாரு. பதிமூணு நாள் சண்டைக்கு இது ஒரே வரி! ரிட்டயராகி வந்தும் சும்மா உக்காரல, வேலூர்ல ஒரு பேங்க் வாசல்ல இருபது வருஷம் செக்யூரிட்டி, லீவு நாள்ல மல்லாட்டை கொல்லைல களை எடுப்பாரு, அன்னிக்கும் ஷேவிங் பண்ணிட்டுதான். நேத்து அந்த கருப்பு ட்ரங்க் பெட்டிய தொறந்தோம். மூடில வெள்ளை பெயிண்ட்ல அவரு நம்பர் அழியாம இருக்கு. உள்ள செர்ரி ப்ளாசம் டப்பா, பாலிஷ் பாதிதான் தீந்திருக்கு, பிரஷ்ஷ துணில சுத்தி வச்சிருக்காரு. பெரியம்மா அத மறுபடியும் அதே மாதிரி சுத்தி உள்ள வச்சிட்டாங்க.